கொடி அசையாத பந்தயம்

கால்நடைத் துறையில் முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் ஓர் இளம் பெண் டாக்டர் போன் செய்தார். காரைக்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டிப் பந்தயத்தில் மாடுகளைப் பரிசோதிக்கும் பணியை அவருக்குப் போட்டிருக்கிறார்களாம். "சார், இப்ப எல்லாத்துக்கும் படிவம் இருக்கு. படிவம் இல்லாத காலத்துல நீங்க என்னென்ன பாத்தீங்க? கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றார். அவருக்கு இரண்டு பக்கம் போதும். எழுத உட்கார்ந்த பிறகு எனக்குத்தான் போதவில்லை.

என் பெயர் ஞானப்பிரகாசம். அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர். நானும் சாக்பீஸ் பிடிப்பேன் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். பள்ளி இறுதி முடித்து, ஒரு வருடம் கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்குப் போனேன். மருந்து புகட்டவும், ஊசி போடவும், கொட்டிலில் உதை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கவும் கற்றேன். அறுபதுகளின் நடுவில் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு டாக்டர், நான், ஓர் உதவியாள். ஊர்க்காரர்களுக்கு அவர் பெரிய டாக்டர், நான் சின்ன டாக்டர். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்கியதில்லை.

பெரிய டாக்டர் நடேசன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். எந்த மாட்டுப் பக்கம் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார். "அதோட இடத்துக்குப் போறோம்" என்பார். மாட்டின் கழுத்தில் கை வைத்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மாட்டுக்காரரிடம் பேசுவார். வாயைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் உரிமையாளரைப் பார்த்து, "பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அரசாங்க அதிகாரி மாட்டுக்காரரிடம் அனுமதி கேட்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அரியக்குடிக்குத் தெற்கே, பெரிய கண்மாய் ஒன்றின் கரையில் இருந்த ஊரில் ஒவ்வொரு பங்குனியிலும் பந்தயம் நடக்கும். அது தொடங்கிய கதையை சோலைமலை அம்பலமே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்தான் ஊர்த் தலைவர், பந்தயக் கமிட்டிக்கும் அவரே தலைவர். சின்ன வயதில் அவரும் அவர் மச்சினனும் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகையில் யார் முந்துவது என்று தகராறு. கண்மாய்க் கரையிலேயே ஓட்டிப் பார்த்து, இரண்டு வண்டியும் தண்ணீரில் கவிழ்ந்ததாம். அடுத்த வருடம் அதைப் பார்க்கவே கூட்டம் கூடிவிட்டது. பிறகு ரோட்டுக்குத் தார் போட்டார்கள். பந்தயம் ரோட்டுக்கு ஏறியது.

ஆரம்பத்தில் ஒழுங்கென்று எதுவும் கிடையாது. பெரிய மாடும் இளங்காளையும் ஒன்றாக ஓடும். மாட்டைக் குத்தி விரட்டும் தார்க்குச்சியில் ஆணி இருக்கும். சிலர் மாட்டுக்குச் சாராயம்கூடப் புகட்டினார்கள். நான் வேலைக்கு வந்த வருடம் நல்ல காளை ஒன்று நடுரோட்டில் விழுந்து கால் முறிந்தது. மறுவாரம் அம்பலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"டாக்டரய்யா, இது எங்க ஊரு பேரு. மாட்டைக் கொன்னு வாங்குற பேரு வேணாம். ஒரு ஒழுங்கு சொல்லுங்க."

டாக்டர் மெட்ராசில் படித்தபோது, குதிரை மேல் உட்கார்ந்து நீண்ட மட்டையால் பந்தடிக்கும் போலோ ஆட்டத்துக்கு உதவியாளராகப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கூடிய கமிட்டிக் கூட்டத்தில் அதைத்தான் விவரித்தார். அந்த ஆட்டத்தில் ஏழு நிமிடத்துக்கு ஒரு மணி அடிப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஆள் அதேதான், குதிரை மட்டும் மாறும். ஓடிய குதிரை அடுத்த மணிக்கு இறங்காது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் திறமையைப் பார்த்து ஓர் எண் கொடுத்து, வலுத்த அணிக்கும் இளைத்த அணிக்கும் கணக்கைச் சரிக்கட்டிவிடுவார்கள். குதிரை நொண்டினால் ஆட்டம் நிற்கும்.

"குதிரைக்கு ஓய்வு, ஆளுக்கு ஓய்வில்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆளுதானே ஆசைப்பட்டு வந்தான்" என்றார் டாக்டர். அம்பலம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அன்று எழுதிய விதிகள்தான் பிறகு வருடக்கணக்காக நின்றன. பல்லையும் உயரத்தையும் பார்த்துப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று மூன்று பிரிவு. ரோடு குறுகல் என்பதால் ஒரு தடவைக்கு ஆறு வண்டி. யார் எந்த இடத்தில் நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். பெரிய மாட்டுக்குப் போக நான்கு மைல், வர நான்கு மைல். எல்லையில் வைத்த பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வண்டி மறுநாள் இறுதிச் சுற்றுக்கு வரும். ஒரு மாடு ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் ஓடக் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சி தெரிந்தால் வண்டி வெளியே. கடைசி விதியை அம்பலமே சேர்த்தார்: மாட்டாஸ்பத்திரி கையெழுத்து இல்லாமல் கொடி அசைக்கக் கூடாது.

இனி அந்தப் பெண் டாக்டர் கேட்ட விஷயம். மாட்டைத் தொடுவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று அதை நடக்கவிட்டுப் பார்ப்பேன். நொண்டும் மாடு நிற்கும்போது நடிக்கும், நடக்கும்போது நடிக்க முடியாது. அடுத்து மூக்கு. நல்ல மாட்டின் மூக்கு வியர்த்திருக்கும். நூல் கட்டிய தெர்மாமீட்டரை வாலடியில் வைத்துச் சூடு பார்ப்பேன். வாலையும் தடவிப் பார்ப்பேன், முறுக்கியும் கடித்தும் ஓட்டுகிறவர்கள் உண்டு. பிறகு குளம்பு. திமிலுக்குப் பின்னால் அளவுகோலை நிறுத்தி உயரம். பல்லைக் கடைசியில்தான் பார்ப்பேன், வாயைத் திறந்ததும் மாடு கோபித்துக்கொள்ளும். பல் எண்ணிக்கைதான் வயது: பால்பல் விழுந்து இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்தால் கடை சேர்ந்த மாடு, முழு வயது.

முதல் வருடமே நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு காளைக்கு முன்பல் ஒன்று அடிபட்டு விழுந்திருந்ததைக் கவனிக்காமல் வயதைக் குறைத்துச் சின்ன மாட்டில் சேர்த்துவிட்டேன். அது எல்லாரையும் முந்தியது. தோற்றவர்கள் டாக்டரிடம் போனார்கள். அவர் அந்தக் காளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க ஆய்வாளர் போட்டது போட்டதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, இரண்டாவதாக வந்த மாட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, "தப்பு எங்க மேல. மன்னிக்கணும்" என்றார். திரும்பி வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் வந்த ஒரு பங்குனியைத்தான் நான் எழுத நினைத்தேன். நாற்பது ஜோடிக்கு மேல் வந்து கண்மாயின் உலர்ந்த உள்வாயில் தங்கியிருந்தன. பெரிய மாட்டில் முதல் நாள் சுற்றில் எல்லாரையும் அசத்தியது சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு செவலை ஜோடி. உரிமையாளர் வெள்ளையம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்தபின் விவசாயத்தையும் மாட்டையும் அவரே பார்த்துக்கொண்டார். வண்டி ஓட்டியது அவர் தம்பி. டாக்டர் ஒரு கூட்டத்துக்காகச் சிவகங்கை போயிருந்தார். முதல் நாள் எல்லா மாட்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் நாள் விடிந்தும் விடியாமலும், பள்ளிக்கூடத்து அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மாள் வந்து நின்றார்.

"தம்பி, இடத்து மாடு வச்ச கூளத்தைத் தொடலை. வாயைச் சப்புக் கொட்டிக்கிட்டே நிக்குது. ஒரு எட்டு வாரீகளா?"

போய், இடப்பக்கம் பூட்டும் அந்தச் செவலையைப் பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் கயிறு போலத் தொங்கியது. சூடு நூற்றைந்துக்கு மேல். அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, வாயைத் திறந்தேன். நாக்கின் மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம், பக்கத்தில் இன்னொன்று உடைந்து சிவந்திருந்தது. குளம்பு இடுக்கும் சிவந்திருந்தது.

"காணைதானே?" என்றார்.

கோமாரி என்று நாங்கள் எழுதுவதை அந்தப் பக்கத்தில் காணை என்பார்கள். வாயையும் காலையும் பிடிக்கும் நோய். காற்றிலேயே பரவும்.

"ஆமாக்கா. அப்படித்தான் தெரியுது."

அவர் கொஞ்ச நேரம் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "வர்ற வழியில ஒரு சந்தைப்பேட்டைத் தொட்டியில தண்ணி காட்டுனோம். அது என் தப்பு. நீங்க போயி எல்லாரையும் நிறுத்துங்க தம்பி."

அவர் வாயை மூடிக்கொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்து இன்றும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

எட்டு மணிக்குக் கொடி. ரோட்டின் இரு பக்கமும் அப்போதே கூட்டம். அம்பலம் புது வேட்டியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"நேத்து நல்லாருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீக?"

"ஆமாங்கய்யா. நேத்து நல்லாருந்துச்சு. இன்னைக்கு இல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, அந்த ஒரு ஜோடியை அங்குட்டு ஓரமா ஓட்டிவிட்டுருவோம். மத்த மாடு ஓடட்டும். நாப்பது ஊரு சனம் வந்துருக்கு."

அது நியாயமான யோசனையாகத்தான் பட்டது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. சரி என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளாக எல்லா மாடும் ஒரே காற்றில் நின்று, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தன. ஓடிக் களைத்த மாட்டை இந்த நோய் பிடித்தால் நெஞ்சைத் தாக்கும். பந்தயம் முடிந்து நாற்பது ஊருக்கும் மாடு திரும்பினால், நாற்பது ஊருக்கும் காணை போய்ச் சேரும்.

"ஐயா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். பேனாவைப் பையில் வைத்துவிட்டேன்.

அம்பலம் அதட்டவில்லை. விதி அவர் எழுதியது. "பெரியவருக்குத் தந்தி குடுங்க. அவரு வந்து சொல்லட்டும். அது வரைக்கும் யாரும் வண்டி பூட்டக் கூடாது" என்றார். கூட்டம் சத்தம் போட்டது. "ஆஸ்பத்திரிக்காரன் காசு வாங்கிட்டான்" என்று யாரோ கத்தியதும் காதில் விழுந்தது.

டாக்டரின் ஜீப் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் வந்தது. ஆட்கள் அவரை மொய்த்துக்கொண்டார்கள். "சின்னவருக்கு அனுபவம் பத்தாது. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் அம்பலம்.

டாக்டர் மாட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பிரகாசம், என்ன எழுதியிருக்கீங்க?"

"கோமாரின்னு எழுதியிருக்கேன் சார்."

"அப்ப கோமாரிதான். பந்தயம் கிடையாது" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

அதற்குப் பிறகுதான் செவலை கட்டியிருந்த மரத்தடிக்கு நடந்தார். செருப்பைக் கழற்றினார். வெள்ளையம்மாளிடம், "பார்க்கலாமா அம்மா?" என்றார். நாக்கைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையைக் கழுவும்போது என் காதருகே குனிந்து, "நல்லவேளை பிரகாசம். அங்கேருந்து இங்க நடந்து வர்ற வரைக்கும், கோமாரியா இல்லாட்டி என்ன பண்றதுன்னுதான் யோசிச்சேன்" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். பத்து நாளைக்கு எந்த மாடும் கண்மாயை விட்டு வெளியே போகக் கூடாது. மாட்டோடு வந்த ஆட்களும் போகக் கூடாது.

போலீஸ் கிடையாது, வேலி கிடையாது. நாற்பது ஜோடியைக் கட்டி நிறுத்த எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. கருப்பையா என்று அரியக்குடிப் பக்கத்து ஆள், சின்ன மாட்டில் முதல் நாள் முதலாவதாக வந்தவர், போய் வண்டியைப் பூட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் நுகத்தைத் தூக்கினார்கள்.

வெள்ளையம்மாள் போய்க் கருப்பையாவின் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"ஒன் வீட்டுல பால் குடிக்கிற கன்னு இருக்கா தம்பி?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை?"

"ரெண்டு."

"பெரிய மாடு காணையைத் தாங்கிக்கிரும். பால்கன்னு தாங்காது. எங்க ஊருல ஒரு வருசம் வந்துச்சு. மடியில பாலோட பசு கத்தும், குடிக்கக் கன்னு இருக்காது. நான் கேட்டுருக்கேன் அந்தச் சத்தத்தை. எம் மாட்டால ஒனக்கு அது வேணாம்."

கருப்பையா அவரை முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். அம்பலம் தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "வைக்கலுக்கும் சோத்துக்கும் எங்க ஊரு பொறுப்பு" என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நோய் கண்ட மாடுகளைக் காற்று போகும் பக்கமும், நல்ல மாடுகளைக் காற்று வரும் பக்கமும் கட்டினோம். காலையும் மாலையும் பர்மாங்கனேட் கலந்த ரோஸ் நிறத் தண்ணீரில் வாயைக் கழுவினோம். குளம்புக்கு மயில்துத்தம் கரைத்த தண்ணீர், ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய். வாய் புண்ணான மாடு வைக்கோல் தின்னாது, கஞ்சிதான் குடிக்கும். கோட்டையூரிலிருந்து ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி மூட்டை மூட்டையாக நொய்யரிசியும், வாழைத்தாரும், ஒரு டின் நல்லெண்ணெயும் அனுப்பினார். வண்டிக்காரர் கரையிலேயே இறக்கிவைத்துவிட்டு, "பேரு சொல்லக் கூடாதுன்னு ஆச்சி சொன்னாக" என்று கத்திவிட்டுப் போனார். கஞ்சி காய்ச்சப் பெரிய பாத்திரம் இல்லை. முதல் பரிசுக்கு வாங்கிவைத்த பித்தளை அண்டாவை அம்பலம் தானே தூக்கிவந்து அடுப்பில் ஏற்றினார். மூன்றாம் நாள் அது அடி தெரியாமல் கறுத்துப்போனது.

நான்காம் நாள் காலையில் கருப்பையாவின் இளங்காளை, தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தது, அப்படியே சரிந்தது. நெஞ்சைத் தாக்கிவிட்டது. நாங்கள் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். கருப்பையா அந்தக் குழிமேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது எழுந்து போய்விட்டார். கருப்பையா வண்டி பூட்டிய அன்றே கிளம்பிப் போயிருந்தாலும் அந்தக் காளை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். துக்கத்தில் இருக்கிறவருக்கு அதில் என்ன ஆறுதல்?

எட்டாம் நாள் புதிதாக எந்த மாட்டுக்கும் சூடு இல்லை. எல்லாருக்கும் உயிர் வந்தது. சும்மா கிடக்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு யாரோ, "மாடு ஓடலைன்னா நாம ஓடுவோமே" என்றார். சாரதிகளே நுகத்தைத் தோளில் வைத்து இழுப்பது என்று முடிவானது. டாக்டர் முகத்தைக் கல் போல வைத்துக்கொண்டு, "பரிசோதனை இல்லாம கொடி கிடையாது" என்றார். நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்தி உயரம் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பார்த்தேன். அம்பலத்தின் வாயைப் பார்த்து, "கடை சேர்ந்து, தேய்ஞ்சும் போச்சு. ஓடத் தகுதியில்லை" என்று அறிவித்தேன். கண்மாயே அதிர்ந்தது. கடைசியில் அவரை ஒரு வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அந்த வண்டியை இழுத்த இருவரில் ஒருவர் கருப்பையா. பாதி வழியில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அம்பலம் குப்புற விழுந்தபோது, நான்கு நாளுக்குப் பிறகு கருப்பையா சிரித்தார்.

பத்தாம் நாள் எல்லாரையும் அனுப்பினோம். சுற்று வட்டாரத்தில் அந்த வருடம் எந்த ஊரிலும் காணை வரவில்லை. வெள்ளையம்மாளின் செவலை பிழைத்தது, ஆனால் நெஞ்சு போய்விட்டது. வெயிலில் நாலடி நடந்தால் இரைக்கும். அதை விற்கச் சொன்னவர்களிடம், "அதுவா வந்து என்னைய ஓட்டச் சொல்லுச்சு?" என்று கேட்டாராம். கடைசி வரை வீட்டிலேயே வைத்திருந்தார்.

அடுத்த பங்குனியில் கமிட்டி அவருக்கு ஆள் மூலம் கடிதம் அனுப்பியது. முதல் நாள் ஓட வேண்டாம், நேராக இறுதிச் சுற்றில் இடம் என்று எழுதியிருந்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாரும் ஓடித்தானே வாராக" என்றார். புது ஜோடியோடு வந்து, சுற்றில் மூன்றாவதாக வந்து வெளியேறினார். ஆனால் என் மனதில் நிற்பது பந்தயத்துக்கு முந்தின மாலை.

அன்று மாலைக்குள் வண்டிகள் வந்து நல்ல நிழல் பார்த்து இறங்கிவிட்டன. வெள்ளையம்மாள் கடைசியாக வந்தார். அவருடைய மாடுகளை நான் தலை முதல் குளம்பு வரை பார்த்து, நன்றாக இருக்கின்றன என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் பக்கம் யாரும் நகரவும் இல்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாதது போல, எல்லாரையும் விட்டுத் தள்ளி, கண்மாயின் அந்தக் கோடியில் இருந்த ஒற்றைக் கருவேல மரத்தில் மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கருப்பையா ஆலமரத்தடியில் இருந்தார். இருக்கிறதிலேயே நல்ல இடம் அது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து தன் ஜோடியை அவிழ்த்தார். கண்மாய் முழுக்கப் பார்க்க, நிதானமாக ஓட்டிக்கொண்டு போய் வெள்ளையம்மாளின் மாட்டுக்குப் பக்கத்திலேயே முளையடித்தார்.

"என்ன தம்பி, இங்குட்டு?" என்றார் வெள்ளையம்மாள்.

"அங்குட்டு ஒரே எறும்பா இருக்குக்கா" என்றார் கருப்பையா.

அதற்குப் பிறகு ஆலமரத்தடியில் எல்லாருக்குமே எறும்பு கடிக்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் அந்த ஒற்றைக் கருவேல மரத்தைச் சுற்றி ஒன்பது ஜோடி நின்றது. மரம் சின்னது. நிழல் ஒருவருக்கும் பத்தவில்லை.